பீங்கானுக்குள் பொட்டாசியம்: சிதைவில் ஆற்றலும் உந்தமும்

விருத்தாசலத்தில் பியூஸ் கேரியர் செய்பவர்களுக்கும் பொம்மை வார்ப்பவர்களுக்கும் பெல்ஸ்பார் பழகிய சரக்கு. பீங்கான் கலவையில் வெண்களிமண் வடிவத்தைப் பிடித்து வைக்கிறது. குவார்ட்ஸ் சுருக்கத்தைக் குறைக்கிறது. பெல்ஸ்பார் சூளை வெப்பத்தில் உருகி, கண்ணாடியாகி, மற்ற இரண்டையும் இறுகப் பிணைக்கிறது. சேலம், நாமக்கல், கரூர் மாவட்டங்களில் இது வெட்டி எடுக்கப்படுகிறது. தூய பொட்டாஷ் பெல்ஸ்பாரின் எடையில் 14 விழுக்காடு பொட்டாசியம். இயற்கையில் கிடைக்கும் எந்தப் பொட்டாசியத்திலும் 0.0117 விழுக்காடு, அதாவது பத்தாயிரம் அணுக்களில் ஒன்றுக்குச் சற்று மேல், பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. அதன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. இவ்வளவு மெதுவாகச் சிதைந்தாலும் அணுக்களின் எண்ணிக்கை மிகப் பெரியது என்பதால், ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 31 சிதைவுகள் நிகழ்கின்றன. நூறு கிராம் எடையுள்ள பீங்கானில் கால் பங்கு பெல்ஸ்பார் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் நொடிக்கு நூறு அணுக்கருக்களுக்கு மேல் சிதைகின்றன. இதில் அஞ்ச ஒன்றுமில்லை. வளர்ந்த மனித உடலில் இருக்கும் பொட்டாசியத்திலேயே நொடிக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட சிதைவுகள் நடக்கின்றன. 1,250 பாகை செல்சியசில் எரியும் சூளை ஓர் அணுவுக்குத் தரும் வெப்ப ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டின் எட்டில் ஒரு பங்கு அளவுதான். பொட்டாசியம்-40 சிதையும்போது வெளிப்படுவது அதைப்போல் ஒரு கோடி மடங்கு. களிமண்ணைப் பீங்கானாக மாற்றும் நெருப்பு அணுக்கருவைத் தொடுவதே இல்லை.

சிதைவில் ஆற்றலும் உந்தமும் அழியாமல் இருக்கின்றனவா என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இயற்பியலை உலுக்கியது. இதற்குப் பாடநூல்கள் தரும் விடை சுருக்கமானது: ஆற்றல் அழியாது, உந்தமும் அழியாது, இரண்டையும் தனித்தனியே சரிபார்த்துக்கொள்ளலாம். விடை தவறல்ல, ஆனால் அதன் வலு எங்கே இருக்கிறது என்பதை அது மறைத்துவிடுகிறது. சார்பியலில் ஆற்றலும் உந்தமும் இரண்டு விதிகள் அல்ல, நான்கு கூறுகள் கொண்ட ஒரே விதி. அது ஒரே விதியாக இருப்பதால்தான், கண்ணுக்குப் படாத துகள் ஒன்று ஆற்றலைக் கொண்டு போய்விட்டது என்று சொல்வது சாக்காக அமையாமல், சோதித்து மறுக்கக்கூடிய கூற்றாகிறது. இதற்கான சான்றுகளில் பெரும்பகுதியைப் பொட்டாசியம் என்ற ஒரே தனிமத்தை வைத்துச் சொல்லிவிட முடியும். மீதிக்குத்தான் கோலார் தங்கவயல் வரை போக வேண்டியிருக்கிறது.

ஏன் ஒரே விதி? விருத்தாசலம் சந்திப்பின் நடைமேடையில் ஒருவர் நிற்கிறார். நிற்காமல் போகும் ரயிலில் இன்னொருவர் கடந்து செல்கிறார். இருவரும் ஒரே சிதைவை அளக்கிறார்கள் என்று கொள்வோம். ரயிலில் இருப்பவர் அளக்கும் ஆற்றல், நடைமேடைக்காரர் அளந்த ஆற்றலும் அவர் அளந்த உந்தமும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்த அளவு. அந்த விகிதத்தைத் தீர்மானிப்பது ரயிலின் வேகம். நடைமேடைக்காரரின் கணக்கில் ஆற்றல் சரியாக இருந்து உந்தம் மட்டும் குறைந்தால், ரயிலில் இருப்பவரின் கணக்கில் ஆற்றலே குறையும். எல்லா வேகத்தில் செல்வோருக்கும் ஆற்றல் அழியாமல் இருக்க வேண்டும் என்று கேட்ட மாத்திரத்தில், உந்தமும் அழியாமல் இருக்க வேண்டும் என்பது தானே வந்துவிடுகிறது. ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைக் காப்பாற்ற வழியில்லை. இந்த நான்கு கூறுகளிலிருந்து எல்லோருக்கும் ஒரே மதிப்பாகத் தெரியும் எண் ஒன்று கிடைக்கிறது. ஆற்றலின் வர்க்கத்திலிருந்து, உந்தத்தை ஒளிவேகத்தால் பெருக்கி வந்த தொகையின் வர்க்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது நிறையைச் சார்ந்தது. அது பார்ப்பவரைச் சார்ந்தது அல்ல.

இதற்குச் சார்பியல் உண்மையிலேயே தேவையா, நியூட்டன் போதாதா என்று கேட்கலாம். பொட்டாசியம்-40 அணுக்களில் ஏறத்தாழ 89 விழுக்காடு ஓர் எலக்ட்ரானை வெளியேற்றிக் கால்சியம்-40 ஆகின்றன. அந்த எலக்ட்ரானின் உச்ச இயக்க ஆற்றல் 1.31 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி மெ.எ.வோ.). நியூட்டனின் சூத்திரத்தில் இதைப் போட்டால் எலக்ட்ரானின் வேகம் ஒளியைப்போல் 2.27 மடங்கு என்று வரும். சார்பியலின்படி அது ஒளிவேகத்தில் 96 விழுக்காடு. மேசைமேல் இருக்கும் பீங்கான் தட்டுக்குள் நடப்பதைச் சொல்லவே நியூட்டன் போதவில்லை. அதே வேளையில் எதிர்ப்புறம் உதைபட்டு நகரும் கால்சியம் அணுக்கருவுக்கு நியூட்டனே போதும். எலக்ட்ரான் முழு ஆற்றலோடு பாயும்போதும் கால்சியம் பெறும் இயக்க ஆற்றல் வெறும் 41 எலக்ட்ரான் வோல்ட். கனமான அணுக்கரு உந்தத்தில் சமபங்கை ஏற்றுக்கொண்டு ஆற்றலில் ஏறக்குறைய எதையும் எடுத்துக்கொள்வதில்லை. பின்னால் வரும் வாதம் முழுவதும் இந்தச் சமனின்மையைப் பற்றிக்கொண்டுதான் நகர்கிறது.

இங்கே ஒரு பழக்கமான சொல்முறையைத் திருத்த வேண்டும். நிறை ஆற்றலாக மாறிவிட்டது என்று எழுதுவது வழக்கம். பொட்டாசியம்-40 அணுவுக்கும் கால்சியம்-40 அணுவுக்கும் உள்ள நிறை வேறுபாடு 1.31 மெ.எ.வோ.; மொத்த நிறையில் லட்சத்தில் மூன்றரைப் பங்கு. ஆனால் சிதைவில் வெளிவந்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகக் கொண்டால் அதன் நிறை சிதைவுக்கு முன் இருந்த அதே நிறை. குறைந்தது பகுதிகளின் ஓய்வு நிறைகளைக் கூட்டிய தொகை மட்டும். மின்சுமையற்ற நடுநிலைப் பையான் என்ற துகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதன் நிறை 135 மெ.எ.வோ.; அது இரண்டு ஒளித்துகள்களாகச் சிதைகிறது; ஒவ்வொன்றுக்கும் நிறை சுழி, ஆற்றல் 67.5 மெ.எ.வோ. எதிரெதிர்த் திசையில் பாயும் அந்த இரண்டு ஒளித்துகள்களையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் அந்த இணையின் நிறை 135 மெ.எ.வோ. தான். நிற்கும் பையான் ஒரே ஒளித்துகளாகச் சிதையவே முடியாது. ஆற்றல் கணக்கு மட்டும் என்றால் அது சரியாகிவிடும். ஒற்றை ஒளித்துகள் சுமக்கும் உந்தத்தை ஈடுகட்ட எதிர்ப்புறம் எதுவும் இருக்காது என்பதால் அது நடப்பதில்லை.

இனிப் பொட்டாசியத்துக்குத் திரும்பலாம். மீதி 11 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான அணுக்கள் வேறு வழியில் போகின்றன. அணுக்கரு தன்னைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களில் ஒன்றைக் கவர்ந்துகொண்டு, கிளர்ந்த நிலையிலுள்ள ஆர்கான்-40 ஆகிறது. அந்த ஆர்கான் உடனே 1.461 மெ.எ.வோ. ஆற்றலுள்ள காமாக்கதிரை விட்டு அமைதி அடைகிறது. காமாக்கதிர்களின் ஆற்றலைப் பிரித்தளக்கும் கருவி ஒன்றின் முன் கிரானைட், செங்கல், பீங்கான் என எதை வைத்தாலும் இந்த ஆற்றலில் ஒரு கூரிய கோடு எழும். சூழலிலுள்ள கதிரியக்கத்தை அளப்பவர்கள் தங்கள் கருவியின் அளவைச் சரிபார்க்கவே இந்தக் கோட்டைப் பயன்படுத்துகிறார்கள். கோடு ஏன் இவ்வளவு கூர்மையாக இருக்கிறது? கிளர்ந்த ஆர்கான் இரண்டே பொருள்களாகப் பிரிகிறது: ஆர்கானும் காமாக்கதிரின் ஒளித்துகளும். நிற்கும் ஒன்று இரண்டாகப் பிரிந்தால் இரண்டின் உந்தமும் சமமாக, எதிரெதிராக இருக்க வேண்டும். இரண்டின் ஆற்றலும் கூடி முன்பிருந்த ஆற்றலாக வேண்டும். இந்த இரு நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் விடை ஒன்றே ஒன்றுதான். அதனால் ஒளித்துகளுக்கு ஒரே ஆற்றல். ஆர்கான் பின்னுதைப்பில் பெறுவது 29 எலக்ட்ரான் வோல்ட். பீங்கானின் கண்ணாடிப் பகுதியில் அணுக்களைப் பிணைக்கும் ஆற்றல் சில எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே என்பதால், தன் இடத்தில் அசையாமல் இருக்க அந்த ஆர்கானால் முடிவதில்லை.

எலக்ட்ரான் வெளிவரும் 89 விழுக்காட்டிலும் இப்படித்தானே இருக்க வேண்டும்? கால்சியமும் எலக்ட்ரானும் மட்டும் விளைபொருள்கள் என்றால் எலக்ட்ரானின் ஆற்றல் ஒவ்வொரு முறையும் 1.31 மெ.எ.வோ. ஆக இருக்க வேண்டும். அளந்தால் அப்படி இல்லை. சுழிக்கு அருகிலிருந்து 1.31 வரை எல்லா மதிப்புகளும் வருகின்றன. சராசரி அந்த உச்சத்தில் பாதிக்கும் குறைவு. ஒரே பொட்டாசியத் துண்டிலிருந்து, ஒரே வேளையில், ஒரு பக்கம் கூரிய கோடு, மறுபக்கம் பரந்து கிடக்கும் தொடர் நிறமாலை. இருபதாம் நூற்றாண்டின் மிகக் கடினமான இயற்பியல் புதிர்களில் ஒன்று இப்படி ஒரு சாதாரண உப்புக்குள்ளேயே முழுமையாக இருக்கிறது.

வரலாற்றில் அந்தப் புதிர் வேறு தனிமங்களில் எழுந்தது. 1914இல் ஜேம்ஸ் சாட்விக் பீட்டாக் கதிர்களின், அதாவது சிதைவில் வெளிவரும் எலக்ட்ரான்களின், நிறமாலை தொடர்ச்சியானது என்று காட்டினார். எலக்ட்ரான்கள் ஒரே ஆற்றலோடு கிளம்பி, வெளிவரும் வழியில் ஆற்றலை இழக்கின்றன என்று லிசே மைட்னர் உள்ளிட்ட சிலர் கருதினர். நியாயமான ஐயம்தான். அதைத் தீர்க்கக் கேம்பிரிட்ஜில் சார்லஸ் எல்லிசும் வூஸ்டரும் 1927இல் செய்த சோதனை எளிமையின் உச்சம். ரேடியம்-ஈ என்று அன்று அழைக்கப்பட்ட பிஸ்மத்-210ஐ வெப்ப அளவிக்குள் வைத்து, ஒவ்வொரு சிதைவும் எவ்வளவு வெப்பம் தருகிறது என்று பார்த்தார்கள். ஆற்றல் வழியில் இழக்கப்படுகிறது என்றால் அதுவும் வெப்பமாக அளவிக்குள்ளேயே தங்கியிருக்கும். அப்போது சிதைவு ஒன்றுக்கு உச்ச மதிப்பான 1.05 மெ.எ.வோ. கிடைக்க வேண்டும். கிடைத்தது 0.35 மெ.எ.வோ. மட்டும். 1930இல் மைட்னரும் ஆர்ட்மானும் இன்னும் துல்லியமாக அளந்து அதையே கண்டார்கள். ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அளவியை விட்டே போய்விட்டது. நீல்ஸ் போர் அணுக்கருவுக்குள் ஆற்றல் அழியாமை சராசரியில் மட்டும் உண்மையாக இருக்கலாம், ஒவ்வொரு சிதைவிலும் அல்ல என்று நினைத்தார். வோல்ஃப்காங் பவுலி 1930 டிசம்பர் 4 அன்று டியூபிங்கனில் கூடியிருந்த கதிரியக்க ஆய்வாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், மின்சுமை இல்லாத, மிக இலேசான இன்னொரு துகளும் எலக்ட்ரானோடு வெளியேறுகிறது என்றார். என்ரிக்கோ ஃபெர்மி 1933-34இல் அதைக் கோட்பாடாக்கினார். இன்று அதை எதிர்நியூட்ரினோ என்கிறோம்; எலக்ட்ரான் கவர்வில் வரும் அதன் இணைத்துகள் நியூட்ரினோ.

போரின் எண்ணத்தை அவசரத்தில் தள்ளிவிடக் கூடாது. புதிய எல்லைக்குள் நுழையும்போது பழைய விதி செல்லுபடியாகுமா என்று கேட்பது அறிவியலின் கடமை. 1924இலேயே அவர் கிராமர்ஸ், ஸ்லேட்டர் இருவருடன் சேர்ந்து, ஒளியும் எலக்ட்ரானும் மோதுவதில் ஆற்றல் அழியாமை சராசரியில்தான் நிற்கிறது என்று முன்வைத்தார். அடுத்த ஆண்டே போத்தேயும் கைகரும், தனியே காம்ப்டனும் சைமனும், ஒவ்வொரு மோதலிலும் அது நிற்கிறது என்று அளந்து காட்டினார்கள். பீட்டாச் சிதைவில் போரின் கருத்துக்கு எதிரான வலுவான சான்று நிறமாலையின் முனையில் இருக்கிறது. ஆற்றல் சராசரியில் மட்டும் காக்கப்படுகிறது என்றால், சில எலக்ட்ரான்கள் குறைவாக எடுத்துக்கொண்டதை ஈடுகட்டச் சில எலக்ட்ரான்கள் அளவுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டும். சராசரி 1.31ஆக அமைந்து, இரு பக்கமும் பரவல் இருக்க வேண்டும். ஆனால் நிறமாலை ஓர் உச்சத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறது. அந்த உச்சம், நிறைமானியில் தனியாக அளந்த பொட்டாசியம்-கால்சியம் நிறை வேறுபாட்டோடு ஒத்துப்போகிறது. எல்லிசும் நெவில் மாட்டும் 1933இல் இந்த வாதத்தைத் தோரியத் தொடரின் கிளைகளில் பொருத்திக் காட்டினார்கள். தாறுமாறாக ஆற்றலைச் சிந்தும் இயற்கைக்கு எல்லைக்கோட்டை ஒருமுறைகூட மீறாமல் நிற்க என்ன காரணம் இருக்க முடியும்? 1936இல் ராபர்ட் ஷாங்க்லாண்டின் சோதனை ஒன்று மீண்டும் ஐயத்தைக் கிளப்பி, மற்றவர்களின் அளவீடுகளில் பொய்த்துப் போனபோது, போரே தம் கருத்தை விலக்கிக்கொண்டார். அந்த நேர்மை இந்த வரலாற்றில் மதித்துச் சொல்லவேண்டிய ஒன்று.

இதைவிட ஆழமான ஆட்சேபம் இன்னொன்று. கணக்கு உதைக்கும்போதெல்லாம் காணாத துகளைச் சேர்த்துக்கொண்டால் எந்த விதியையும் காப்பாற்றிவிடலாமே. பொய்ப்பிக்கவே முடியாத விதி அறிவியலாகுமா? ஆற்றல் மட்டும் தனி விதியாக இருந்திருந்தால் இந்த ஆட்சேபத்துக்கு விடையில்லை. குறைகிற தொகை எதுவாக இருந்தாலும் அதைக் கற்பனைத் துகளின் தலையில் கட்டிவிடலாம். நான்கு கூறுகளும் சேர்ந்து நிற்பதால் அந்தச் சுதந்திரம் பறிபோகிறது. காணாமற்போன ஆற்றல் ஒன்று, காணாமற்போன உந்தம் மூன்று திசைகளில் மூன்று என நான்கு எண்கள் அளவிலிருந்து கிடைக்கின்றன. போனது ஒரே துகள் என்றால், அவற்றிலிருந்து கணிக்கும் நிறை ஒவ்வொரு சிதைவிலும் ஒரே மதிப்பாக வர வேண்டும். நியூட்ரினோவுக்கு அது சுழியை ஒட்டி இருக்க வேண்டும். அதாவது காணாமற்போன ஆற்றலும் காணாமற்போன உந்தமும் எப்போதும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒற்றைத் துகள் என்ற கருத்து அங்கேயே விழுந்துவிடும்.

இதைச் சோதிக்க மிகத் தூய்மையான வழி எலக்ட்ரான் கவர்வு. அதில் வெளியேறுவது நியூட்ரினோ மட்டும்; எதிர்ப்புறம் அணுக்கரு உதைபடுகிறது. இரண்டே பொருள்கள் என்பதால் அணுக்கருவின் பின்னுதைப்பு ஒரே மதிப்பாக அமைய வேண்டும். பெரிலியம்-7ஐ இப்படிப் பயன்படுத்தலாம் என்று போர்க்காலத்துச் சீனாவிலிருந்து வாங் கான்சாங் 1942இல் எழுதினார். அதே ஆண்டு ஜேம்ஸ் ஆலன் அமெரிக்காவில் முதல் அளவீட்டைச் செய்தார். நியூட்ரினோ 0.86 மெ.எ.வோ. கொண்டு போகிறது என்றால் எதிரே லித்தியம் 57 எலக்ட்ரான் வோல்ட் பெற வேண்டும் என்பது கணக்கு. 1952இல் ரேமண்ட் டேவிஸ் பெரிலியத்திலும், ரோட்பேக்கும் ஆலனும் ஆர்கான்-37இலும் அளந்தபோது கணக்கோடு பொருந்தும் ஒற்றை மதிப்பே கிடைத்தது. ஹங்கேரியின் டெப்ரசெனில் சிக்காயும் சாலாயும் 1956இல் எடுத்த முகிலறைப் படம் கண்ணால் பார்க்கக்கூடிய சான்று. ஹீலியம்-6 சிதைந்த இடத்திலிருந்து எலக்ட்ரானின் தடமும் லித்தியத்தின் குட்டைத் தடமும் கிளம்புகின்றன. அவை நேர் எதிராக இல்லை, ஒரு பக்கமாகக் கோணி நிற்கின்றன. மூன்றாவது ஒன்று எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்பதை அந்தக் கோணமே சொல்லிவிடுகிறது. 1956இல் ரைன்ஸும் கோவனும் அணு உலையிலிருந்து வந்த எதிர்நியூட்ரினோவை நேரடியாகவே பிடித்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே பின்னுதைப்பு அளவீடுகள் அதன் இருப்புக்கு வலுவான சான்று தந்துவிட்டன என்பது என் மதிப்பீடு.

இரண்டாகப் பிரிந்தால் ஒற்றை மதிப்பு, மூன்றாகப் பிரிந்தால் பரவல் என்ற இந்தப் பாகுபாடு, அண்டக்கதிர்த் துகள்களில் ஒரே படத்துக்குள் அடுத்தடுத்துத் தெரிகிறது. 1947இல் பிரிஸ்டலில் லாட்டெஸ், ஒக்கியாலினி, பாவெல் குழு ஒளிப்படப் பசையில் பையானைக் கண்டது. நின்றுபோன பையான்களிலிருந்து கிளம்பிய மியூவான் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் தூரமே ஓடி நின்றது. பையானின் நிறை 139.6, மியூவானின் நிறை 105.7 மெ.எ.வோ. என்று கொண்டால் மியூவானுக்கு 4.1 மெ.எ.வோ. இயக்க ஆற்றல், நியூட்ரினோவுக்கு 29.8. எல்லா மியூவானும் ஒரே தூரம் ஓடுவதற்குக் காரணம் அதுதான். அந்த மியூவான் எலக்ட்ரானாகச் சிதையும்போது கதை மாறுகிறது: எலக்ட்ரானின் ஆற்றல் பரவிக் கிடக்கிறது, 52.8 மெ.எ.வோ.க்கு மேல் போவதில்லை. இரண்டு நியூட்ரினோக்கள் உடன் வருகின்றன. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சேர்க்க வேண்டும். ஒற்றை மதிப்பு என்பது சிதையும் துகள் நின்ற நிலையில் இருந்தால்தான். பறக்கும் பையான் சிதைந்தால் மியூவானின் ஆற்றல் அது கிளம்பும் திசைக்கேற்ப மாறிப் பரவும். பரவலைக் கண்டவுடன் மூன்றாவது துகள் என்று முடிவுகட்டக் கூடாது. முதலில் நகரும் துகளின் பார்வைக்கு எண்களை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இந்த எச்சரிக்கையின் கனத்தைக் கோலார் தங்கவயலில் காணலாம். 1965இல் அங்கே இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் நடத்திய சோதனை, வளிமண்டலத்தில் பையானும் மியூவானும் சிதைந்து பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டது. 1980இல் அதே சுரங்கத்தில், 2,300 மீட்டர் ஆழத்தில், இந்தியரும் ஜப்பானியரும் 140 டன் இரும்பு அடுக்குகளைக் கொண்டு புரோட்டான் சிதைகிறதா என்று தேடினார்கள். நின்ற புரோட்டான் பாசிட்ரானாகவும் நடுநிலைப் பையானாகவும் உடைந்தால் இரண்டும் 459 மெ.எ.வோ. அளவு உந்தத்தோடு நேர் எதிராகப் பாய வேண்டும். மொத்த ஆற்றல் 938 மெ.எ.வோ. ஆக இருக்க வேண்டும். ஆனால் இரும்பு அணுக்கருவுக்குள் புரோட்டான் நிற்பதில்லை. இருநூறு மெ.எ.வோ. அளவு உந்தத்தோடு அது ஏற்கெனவே அலைகிறது. வெளிவரும் பையான் அணுக்கருவுக்குள்ளேயே இடறிவிடவும் கூடும். நேர் எதிர் என்ற கூரிய அடையாளம் மங்கிப்போகிறது. நியூட்ரினோ மோதலும் அதே தோற்றம் தரக்கூடும். அந்தக் குழு சில நிகழ்வுகளைப் புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று முன்வைத்தது. பின்னால் வந்த பெரிய நீர்த்தொட்டிக் கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை. இதைத் தோல்வி என்று எழுதுவோர் உண்டு. என் பார்வையில், நான்கு கூறுகளின் கணக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறதோ அவ்வளவுதான் சான்றின் வலு என்பதை உலகுக்கு முதலில் உணர்த்திய சோதனைகளில் அதுவும் ஒன்று. நீரில் இருக்கும் ஹைட்ரஜனின் புரோட்டான் தனியாக, நின்ற நிலையில் இருப்பது ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டேவுக்கு ஒரு பெரிய வசதி. இவ்வகைச் சிதைவுக்கு அங்கே எட்டப்பட்ட ஆயுள் எல்லை பத்தின் 34ஆம் அடுக்கு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

குவாண்டம் இயற்பியலை வைத்து வரும் ஆட்சேபம் ஒன்று பொதுமக்கள் நூல்களில் அடிக்கடி தென்படுகிறது. பொட்டாசியத்தின் சிதைவை நடத்தி வைப்பது டபிள்யூ போசான் என்ற துகள்; அதன் நிறை 80,400 மெ.எ.வோ.; கையில் இருப்பதோ 1.31. இடைவெளியைத் துகள் சிறிது நேரம் கடன் வாங்கிக்கொள்கிறது, ஆக ஆற்றல் அழியாமை அந்த நேரத்துக்கு மீறப்படுகிறது என்கிறார்கள். கணிப்பு முறை அப்படிச் சொல்லவில்லை. கணிப்பின் ஒவ்வொரு சந்திப்பிலும் ஆற்றலும் உந்தமும் துல்லியமாகச் சமனாகின்றன. இடையில் நிற்கும் டபிள்யூவுக்கு ஆற்றல், உந்தம், நிறை மூன்றுக்கும் உள்ள வழக்கமான உறவு மட்டும் பொருந்துவதில்லை. அப்படிப் பொருந்தாத தொலைவு மிகப் பெரிது என்பது, பொட்டாசியம் போன்றவை இவ்வளவு அரிதாகச் சிதைவதற்கு ஒரு காரணம். விரிந்துகொண்டே போகும் பிரபஞ்சம் முழுமைக்கும் மொத்த ஆற்றல் என்று ஒன்றை வரையறுக்க முடியாது என்பது உண்மை. எமி நோதர் 1918இல் நிறுவியபடி ஆற்றல் அழியாமை காலச் சமச்சீரிலிருந்து பிறக்கிறது. பிரபஞ்ச அளவில் அந்தச் சமச்சீர் இல்லை. ஆய்வகத்தின் அளவிலும் பீங்கான் துண்டின் அளவிலும் அது இருக்கிறது.

தப்பிப்போகும் ஆற்றல் ஆய்வகப் புதிர் மட்டும் அல்ல, மண்பாண்டத்தின் வயதைக் கணிப்பவருக்கு அன்றாடத் தேவை. சுட்ட பானையிலுள்ள குவார்ட்ஸ், பெல்ஸ்பார் மணிகள் சூளையில் தம் பழைய கதிர்வீச்சு நினைவை இழந்து, அதன்பின் சுற்றிலும் உள்ள பொட்டாசியம், யுரேனியம், தோரியம் தரும் கதிர்வீச்சை ஆண்டாண்டாகச் சேர்த்து வைக்கின்றன. சேர்ந்த அளவை ஒளிர்வாக வெளிப்படுத்தி, ஆண்டுக்குச் சேரும் வீதத்தால் வகுத்தால் வயது கிடைக்கும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையில் சிவகளைப் பானையோடுகளுக்கு இந்த ஒளிர்வு முறையும் கையாளப்பட்டது. ஆண்டு வீதத்தைக் கணிக்கும்போது பொட்டாசியத்தின் ஒவ்வொரு பீட்டாச் சிதைவுக்கும் எலக்ட்ரானின் சராசரி ஆற்றலைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், உச்சத்தை அல்ல. எதிர்நியூட்ரினோவின் பங்கு பானையில் தங்காமல் பூமியையும் கடந்து போய்விடுகிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் பொட்டாசியத்தின் பீட்டாப் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் பெருகி, பானையின் வயது பொய்யாகக் குறைந்துவிடும். 1927இல் எல்லிஸ் வெப்ப அளவியில் கண்ட குறை, பானையோட்டின் வயதுக்கு அடிப்படை எண்ணாக வந்து நிற்கிறது.

பொட்டாசியத்தின் கணக்கே இன்னும் முழுதாக எழுதி முடிக்கப்படவில்லை. எலக்ட்ரானைக் கவர்ந்த அணுக்கருக்களில் மிகச் சில, கிளர்ந்த நிலையைத் தொடாமல் நேராக ஆர்கானின் அடிநிலைக்கே போகின்றன. அப்போது காமாக்கதிர் இல்லை, ஏறக்குறைய 1.5 மெ.எ.வோ. முழுவதையும் நியூட்ரினோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. கோட்பாட்டில் நெடுங்காலம் எதிர்பார்க்கப்பட்ட இந்த வழியைக் கேடிகே கூட்டாய்வுக் குழு 2023இல்தான் அளந்து அறிவித்தது. மொத்தச் சிதைவில் அதன் பங்கு சுமார் 0.1 விழுக்காடு. அவர்கள் பார்த்ததும் நியூட்ரினோவை அல்ல. எலக்ட்ரான் கவர்வில் எழும் எக்ஸ் கதிர் காமாக்கதிரின் துணையில்லாமல் தனியே வந்த நிகழ்வுகளை எண்ணினார்கள். பொட்டாசியத்தின் பீட்டாச் சிதைவில் வரும் எதிர்நியூட்ரினோவையும் இதுவரை யாரும் நேராகப் பிடித்ததில்லை. ஜப்பானின் காம்லாண்ட் 2005இல் பூமியின் உள்ளிருந்து வரும் எதிர்நியூட்ரினோக்களைக் கண்டபோது அகப்பட்டவை யுரேனியத்திலிருந்தும் தோரியத்திலிருந்தும் வந்தவை. அங்கே கையாண்ட முறையில் எதிர்நியூட்ரினோ புரோட்டானை மோதி நியூட்ரானும் பாசிட்ரானும் ஆக்க வேண்டும். ஆற்றலையும் உந்தத்தையும் சமன் செய்தால் அதற்குக் குறைந்தது 1.806 மெ.எ.வோ. தேவை. பொட்டாசியம்-40இன் பீட்டாச் சிதைவில் கிடைக்கும் உச்சமே 1.31. அதைப் பிடிக்க எலக்ட்ரானோடு மோதிச் சிதறும் நிகழ்வுகளை அளக்கும் வேறு வகைக் கருவி வேண்டும். அத்தகைய கருவிகளுக்கான திட்டங்கள் இப்போது பேசப்பட்டு வருகின்றன.